நிழலை விற்றவர்

நியூயார்க் மாகாணத்தில், 1806 வாக்கில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஆட்டுமந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் விற்றார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அதே பெண் தன் புகைப்படத்தைத் தானே விற்றுப் பிழைத்தார். பெயர் சோஜர்னர் ட்ரூத். அந்தப் படங்களை வைத்துப் பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டுடியோ அட்டைகளைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதை அரைகுறை என்றே தோன்றுகிறது.

வழக்கமான கதை இதுதான். 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்பவர் 'கார்ட் த விசிட்' முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பல லென்ஸ் கேமரா. ஒரே கண்ணாடித் தகட்டில் பொதுவாக எட்டுப் படங்கள். ஆல்புமன் தாளில் அச்சிட்டு, வெட்டி, இரண்டரைக்கு நாலு அங்குல அட்டையில் ஒட்டினால் முடிந்தது. என்னைப் போன்ற மென்பொருள் ஆளுக்கு இது சட்டென்று புரியும்: ஒவ்வொன்றாகச் செய்யாதே, மொத்தமாகச் செய், செலவு குறையும். 1860களில் விக்டோரியா அரசி முதல் நாடக நடிகைகள் வரை எல்லாரும் அட்டையானார்கள். ஜனங்கள் வாங்கி ஆல்பத்தில் சேர்த்தார்கள். விமர்சகர்களின் குறையும் இங்கேதான்: ஒரே தூண், ஒரே திரைச்சீலை, ஒரே நிற்பு. நடாரின் படங்களில் ஆள் தெரிகிறார், இதில் உடைதான் தெரிகிறது. முகம் சரக்காகிவிட்டது.

நானும் ரொம்ப நாள் இதை நம்பினேன். ட்ரூத்தின் அட்டைகளைப் பார்த்தபிறகு முடியவில்லை.

அவற்றிலும் அதே ஸ்டுடியோ சாமான்கள்தான். வெள்ளைச் சால்வை, மூக்குக்கண்ணாடி, கையில் பின்னல் நூல், மேசைமேல் பூவும் புத்தகமும். அவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. அப்போ புத்தகம் பொய்யா? அப்படிக் கேட்பது சுலபம். வசதியான வெள்ளைக்காரப் பெண்களுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த மரியாதை அந்தச் சாமான்களில் இருந்தது. அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கும் அட்டையில் நானும் இருக்கிறேன் என்பதுதான் அவர் சொல்ல வந்ததே.

படத்துக்குக் கீழே, உடலைத் தாங்க நிழலை விற்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி. 'நிழல்' என்றால் அன்றைக்குப் புகைப்படம். 1864இல் பதிப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிந்தார்; ஸ்டுடியோக்காரர் பெயரில் இல்லை. படிக்கத் தெரியாதவரின் பெயர் உரிமையாளராக அச்சாகியிருக்கிறது.

இதே அட்டை வடிவம் வேறு மாதிரியும் வேலை செய்தது. 1863இல் லூசியானாவில் எடுத்த படம் ஒன்று: அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர், கார்டன் என்று அறியப்பட்டவர், சாட்டைத் தழும்பேறிய முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அடிமை ஒழிப்புக்கு அந்தப் படம் பெரிதும் உதவியது, சந்தேகமில்லை. ஆனால் அந்த முதுகின் பிரதிகளை விற்றவர் அவர் இல்லை.

அதனால், முகம் சரக்காகிவிட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது. விற்றது யார், காசு யார் கைக்குப் போனது என்றும் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் பழைய அட்டை ஸ்கேன் கண்ணில் பட்டால், முகத்தைப் பார்த்த கையோடு யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்றும் தேடுகிறேன்.