மயிலையின் கிறித்தவ நினைவு: எழுதியதும் எழுதாமல் விட்டதும்

மயிலாப்பூர்க் கிறித்தவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்திருக்கிறார்கள். புனித தோமையார் இங்கே வந்தாரா, இல்லையா? கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார், 72இல் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்கிறது மரபு. அதை நிறுவவும் மறுக்கவும் எழுந்த நூல்களே ஒரு நூலகத்தை நிரப்பும். சிரியாக் மொழியில் 3ஆம் நூற்றாண்டில் உருவான 'தோமாவின் பணிகள்', அதில் வரும் கொண்டபோரஸ் மன்னனுடைய நாணயங்கள், தோமையாரின் எலும்புகள் எதெஸாவுக்குப் போன கதை, பிறகு 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போன கதை என்று அது விரிந்துகொண்டே போகும். 1984இல் மட்டும் இந்தியக் கிறித்தவ வரலாற்றின் முதல் தொகுதி என்று இரண்டு பெரிய நூல்கள் வந்தன. ஒன்றை எழுதிய ஸ்டீபன் நீல், திருநெல்வேலியில் பேராயராக இருந்தவர்; தயக்கத்தோடு எழுதினார். மற்றதை எழுதிய கேரளத்துக் குருவானவர் மத்தியாஸ் முண்டாடன் மரபின் பக்கம் சாய்ந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது இன்றும் பயனுள்ள பயிற்சி.

ஆனால் மந்தைவெளியில் ஒரு பேத்திக்குத் தோமையார் பெயர் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு இரண்டிலும் விடை கிடையாது. சந்ததியிலிருந்து சந்ததிக்கு விசுவாசம் கைமாறும் விதத்தை ஆராய வேண்டுமானால் வேறு வாசல் வழியாக நுழைய வேண்டும்.

அந்த வாசலைத் திறந்தவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ். நாஜிகளின் வதைமுகாமில் 1945இல் இறந்தவர். கிறித்தவர்களின் நினைவு புனித நாட்டின் மேடுகளிலும் குகைகளிலும் எப்படிப் போய்த் தங்கியது என்று 1941இல் ஒரு நூல் எழுதினார். நினைவுக்குத் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் என்பது அவர் வாதம். நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தவர்கள் குறைவு. சின்னமலையில் தோமையார் ஒளிந்திருந்த குகை, பரங்கிமலையில் உயிர் விட்ட இடம், சாந்தோமில் கல்லறை. மூன்றுக்கும் போய்வரும் குழந்தைக்குக் கதையைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடந்த வரிசையிலேயே அது மனத்தில் பதிந்துவிடும். அந்த வரிசைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்ததில் போர்த்துகீசியருக்குப் பெரும்பங்கு உண்டு. 1523இல் கல்லறையைத் தோண்டிப் பார்த்தார்கள். 1547இல் பரங்கிமலையில் பாரசீக எழுத்துப் பொறித்த சிலுவையைக் கண்டெடுத்தார்கள். மயிலை எப்படி அவர்களுடைய புனித நகரம் ஆனது என்பதை இனெஸ் சுபனோவ் 2005இல் வந்த தம் நூலில் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே நினைவு இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிய குறிப்பில், யாத்திரிகர்கள் அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய் நோயாளிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்த செய்தி வருகிறது.

மரபுக் கதைகள் செத்துக் கிடப்பவை அல்ல. சாந்தோம் பேராலயத்துக்குப் பின்புறம் கடற்கரைக்கு இறங்கும் படிகளுக்கு மேலே ஒரு கம்பம் நிற்கிறது. யானைகளால் அசைக்க முடியாத மரத்தைத் தோமையார் தம் இடைக்கச்சையால் இழுத்துக் கரைசேர்த்தார், கடல் இந்த எல்லையைத் தாண்டாது என்றார் என்பது பழைய கதை. 2004 டிசம்பர் 26 வரை இது வயதானவர்கள் சொல்லும் கதையாக இருந்தது. அன்று காலை சுனாமி சீனிவாசபுரத்தையும் பட்டினப்பாக்கத்தையும் அடித்துப் போட்டது. பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்ற பேச்சோடு கம்பத்தின் கதையும் எழுந்து பரவியது. அடுத்த தலைமுறை அதைக் கண்ணால் பார்த்த செய்தியைப் போலச் சொல்லத் தொடங்கியது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அதே கரையில் செத்துப்போன மீனவர்களின் பெயர்கள் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. நினைவு எதைக் கைமாற்றுகிறது என்று கேட்கிற ஆய்வாளர், எதைக் கீழே போட்டுவிடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

இதே மண்ணில் இன்னொரு சமூகத்தின் நினைவும் இருக்கிறது. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்ற கருத்து பரவலானது; சாந்தோம் வளாகத்தில் பழைய கோயிலைச் சேர்ந்த கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. கிறித்தவ எழுத்தாளர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். போகக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

தமிழில் இத்துறையின் முதல் பெரிய அடி 1936இல் மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய 'கிறித்தவமும் தமிழும்'. மயிலாப்பூரிலேயே பிறந்த பள்ளி ஆசிரியர், கிறித்தவர் அல்லாதவர், பாதிரிமார் தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் செய்ததைக் கணக்கெடுத்தார். அருமையான நூல். ஆனால் அதற்குப் பின் வந்த பலர் அவர் போட்ட பாதையிலேயே நின்றுவிட்டார்கள். வீரமாமுனிவர், சீகன்பால்கு, போப் என்று தொண்டுப் பட்டியல் நீண்டது. சபையில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் காணாமல் போனார்கள்.

அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது சாதி பற்றிய ஆய்வுதான். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் வடக்கன்குளம் கோயிலின் சாதிப் பிளவை எழுதியபோது, விசுவாசத்தோடு சேர்ந்து வேறென்ன கைமாறுகிறது என்பது பச்சையாகத் தெரிந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்து அதையே உள்ளிருந்து சொன்னது. டேவிட் மாஸ் 2012இல் ராமநாதபுரச் சீமைக் கிராமம் ஒன்றின் கத்தோலிக்க வாழ்வை விரிவாக எழுதினார். பாட்டு வழியாகவும் இந்தக் கேள்வி வந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதிய கீர்த்தனைகளை அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறார்கள். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யை இந்திரா பீட்டர்சன் ஆராய்ந்திருக்கிறார். கர்நாடக ராகத்தில் அமைந்த அந்த மரபு யாருடைய காதுக்கானது என்று கேட்டு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர் மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு. அவரைப் பற்றிய சோயி ஷெரினியனின் நூல் 2014இல் வந்தது. அடையாறிலும் தி. நகரிலும் பாடகர் குழு நடத்துகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

இவ்வளவும் இருந்தும் ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. விசுவாசத்தை உண்மையில் கைமாற்றியவர்கள் பெண்கள். அவர்களைப் பற்றிய எழுத்துதான் குறைவு. எலைசா கென்ட் 2004இல் காலனியக் காலத்துத் தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களைப் பற்றி எழுதியது ஒரு நல்ல விதிவிலக்கு. சென்னையில் சத்தியநாதன் குடும்பம் அபூர்வமான சான்று. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகரின் மனைவி அன்னா பெண்களுக்குக் கல்வி கொடுத்தார். மருமகள் கிருபாபாய் (1862–1894) கிறித்தவக் குடும்பமொன்றின் கதையைச் 'சகுணா' நாவலாக எழுதினார். அவர் மறைவுக்குப் பின் அக்குடும்பத்துக்கு மருமகளாக வந்த கமலா 1901இல் பெண்களுக்கென்று ஆங்கில இதழ் தொடங்கினார். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா தாயின் வரலாற்றை 1956இல் நூலாக்கினார். படித்த குடும்பம், அதனால் தப்பித்தது. எழுதத் தெரியாத ஆயாக்களின் சங்கிலி எங்கே பதிவாகியிருக்கிறது?

அது நடைமுறைகளில் பதிவாகியிருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலையைச் சிலுவையாக மடித்து, வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். ஆண்டு முழுவதும் அது காய்ந்து பழுப்பேறி அங்கேயே இருக்கும். அடுத்த தவக்காலத்துக்கு முன் கோயிலில் திரும்பக் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வரும். எரித்த சாம்பல் திருநீற்றுப் புதனன்று அதே வீட்டாரின் நெற்றிக்கு வரும். ஓலையை மடிக்கக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பாட்டி. பிரசங்கம் எதுவும் தேவைப்படாத மறைக்கல்வி. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். கல்லைக் கழுவிச் சாமந்திப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றிய கையோடு, இது யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், நமக்கு என்ன முறை என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

இடம்பெயர்ந்தவர்கள் நினைவையும் தூக்கிக்கொண்டே வருகிறார்கள். நாகப்பட்டினத்து வேளாங்கண்ணி மாதா 1970களில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வந்தாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டத்தில் யார் கிறித்தவர், யார் இல்லை என்று பிரிக்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபையின் நகரச் சபைகளில் நெல்லைக் குடும்பங்கள் ஊர் அசன விருந்துக்கு லீவு போட்டுப் போகின்றன. ஆச்சி வீட்டுக் குடும்ப ஜெபத்தில் கேட்ட பாட்டைப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாத இந்தத் தலைமுறையின் தமிழ் விசுவாசம் எப்படியிருக்கும் என்பது இன்றைக்கு மிக அவசரமான ஆய்வுப் பொருள். நானறிந்தவரை யாரும் முழுமையாகக் கையில் எடுக்கவில்லை.

மூலங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஞானப்பெற்றோர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. குடும்ப வேதாகமங்களின் முன்தாளில் பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் திரும்பிப் பார்க்காத பங்கு விழா மலர்கள் பரண்களில் கிடக்கின்றன. வாழ்த்துச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவே சில பக்கங்களில் கோயில் கட்டக் கல் சுமந்தவர்களின் பேச்சு அச்சாகியிருக்கிறது. அடுத்த மலருக்குத் தயாராகிற பங்குகளுக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வாழ்த்துச் செய்திகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பக்கங்களை எழுபது வயது தாண்டிய பெண்களுக்குக் கொடுங்கள். அவர்களால் எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.