சிங்கன் கேட்ட கேள்வி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, சாரல் வந்து தொடும் தொலைவில் இருக்கிறது மேலகரம். சிற்றூர்தான், ஆயினும் செந்தமிழுக்குச் சிறப்புச் சேர்த்த ஊர். திருக்குற்றாலக் குறவஞ்சியைத் தந்த திரிகூடராசப்பக் கவிராயரை ஈன்ற ஊர்.

குறவஞ்சியைப் படிப்போர் இதுவரை இரு வழிகளில் சென்றனர். தலைவன் திருக்குற்றால நாதர் அன்றோ, ஆகவே இது பக்திப் பனுவல் என்று கைகூப்பியோர் ஒரு சாரார். குரங்கு கொஞ்சும் மலைவளத்தையும் பந்தாடும் வசந்தவல்லியின் எழிலையும் சொல்லிச் சொல்லிச் சுவைத்தோர் மறுசாரார். குற்றாலத்திலேயே வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. இந்தச் சுவையை நாடறியச் செய்தார். அதை மறுப்பார் இல்லை. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கும், மலைவளப் பகுதியை நடத்தும் நாள் மகிழ்ச்சியான நாளே. ஆனால் கைகூப்பவும் கைதட்டவும் மட்டுமா இலக்கியம்? கேள்வி கேட்கவும் அன்றோ அது பயன்பட வேண்டும்!

நூலின் பிற்பகுதியில் ஒரு காட்சி. குறி சொல்லப் போன சிங்கியைத் தேடி அலைகிறான் சிங்கன். பறவை பிடிக்கும் ஏழை அவன். ஒருவழியாக அவளைக் கண்டுபிடிக்கிறான். கண்டதும் திகைக்கிறான். போகும்போது இல்லாத அணிகலன்கள் அவள் மேனியெங்கும் மின்னுகின்றன. காலிலே கிடப்பது என்ன என்கிறான், சிலம்பு என்கிறாள். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறான். அவளும் அஞ்சாமல், இன்ன நாட்டிலே குறி சொல்லிப் பெற்றேன் என்று பெற்ற இடத்தையும் சேர்த்தே சொல்கிறாள்.

இதை நகைச்சுவை என்று சொல்லிக் கடந்து போகிறார்கள் உரைகாரர்கள். நகைச்சுவைதான். ஆனால் அதனுள்ளே அழுத்தமான இரண்டு வினாக்கள் உள்ளன. உன்னிடம் இருப்பது என்ன? அது வந்தது எங்கிருந்து? உலகில் எந்த ஆட்சியாளனிடமும் எந்தக் குடிமகனும் கேட்க வேண்டிய வினாக்கள் இவ்விரண்டே!

யாரிடம் கேட்கப்படுகின்றன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கால் தேய நடந்து, வாய் வலிக்கப் பேசி, உழைத்து ஈட்டிய ஒரு குறத்தியிடம் கேட்கப்படுகின்றன. கேட்பவன் கணவன், பதில் சொல்லக் கடமைப்பட்டவள் மனைவி. ஏழைப் பெண் ஒருத்தி காலில் கிடக்கும் சிலம்புக்கும் கணக்குச் சொல்கிறாள். இந்த நூலைப் பாடியதற்காகக் கவிராயருக்கு 'குறவஞ்சி மேடு' என்ற நிலத்தை அளித்தான், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கன். இலக்கிய வரலாறு இதைக் கொடை என்று கொண்டாடுகிறது. அந்த மேட்டை உழுதவன் யார்? கொடுத்தவனுக்கு அது எப்படி வந்தது? கேட்டவர் உண்டா? யாத்திரைகளிலும் கோயிற் கொடைகளிலும் கருவூலத்தைக் கரைத்தவன், ஆட்சியை அமைச்சர்கள் கையில் விட்டவன் என்று அவனைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவனிடம் கேட்க ஒரு சிங்கன் இல்லை.

கவிராயரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. மன்னன் மனம் வைத்தால் மேட்டு நிலம், முகம் சுளித்தால்? அக்காலத்துப் புலவனுக்குக் குடியுரிமை ஏது, பேச்சுரிமை ஏது, வழக்கு மன்றம் ஏது? அவர் காலத்தில் அவர் இயன்றதைச் செய்தார். வினா எனும் விதையை ஓர் ஏழைப் பறவைக்காரன் வாயில் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்துச் சரியான நிலத்தில் ஊன்ற வேண்டியது நாம்.

மன்னராட்சி மறைந்தது, மக்களாட்சி மலர்ந்தது. சிங்கனின் வினா திசை திரும்பியதா? திரும்பியது, ஆனால் தானாகத் திரும்பவில்லை. தேர்தலில் நிற்பவர் தம் சொத்தையும், தம்மீதுள்ள குற்ற வழக்கையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2002 மே மாதத்தில். விடுதலை பெற்று அரை நூற்றாண்டு கழித்து! அப்போதாவது ஆட்சியாளர் அகம் மகிழ்ந்தனரா? எதிரெதிர் வரிசையில் அமர்ந்து ஏசிக்கொண்டோர் இதில் மட்டும் ஒன்றுபட்டனர். அத்தீர்ப்பை முடமாக்கச் சட்டத்தையே திருத்தினர். அத்திருத்தம் செல்லாது என்று 2003இல் மீண்டும் தீர்ப்பு வந்த பிறகே, வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் வாக்காளர் கண்ணில் பட்டது.

அதுவும் பாதிக் கேள்விக்கே பதில். என்ன இருக்கிறது என்று சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. வருமானம் வந்த வழியையும் சொல்லவேண்டும் என்ற தீர்ப்பு வர 2018 ஆயிற்று. அதே ஆண்டில், கொடுத்தவர் பெயரை மறைத்துக் கட்சிக்குப் பணம் சேர்க்கும் தேர்தல் பத்திரமும் நடைமுறைக்கு வந்தது. வேட்பாளரைக் கேட்டால் கணக்கு. கட்சியைக் கேட்டால் கதவடைப்பு! அக்கதவை 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உடைத்தது. குறத்தி ஒருத்தி ஒரே மூச்சில் சொல்லி முடித்த கணக்கைச் சொல்ல, நாடாள்வோருக்கு இத்தனை தீர்ப்புகள் தேவைப்பட்டன.

கணக்குச் சொல்லத் தயங்குவதோடு நின்றார்களா? கேட்டவனைக் கூண்டில் ஏற்றவும் துணிந்தார்கள். 1987இல் ஆனந்த விகடன் தன் அட்டையில் ஒரு கேலிச் சித்திரம் வெளியிட்டது. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடரோடு ஒப்பிட்டு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். விசாரணை மன்றம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. சட்டமன்றமே வாதி, சட்டமன்றமே நீதிபதி! மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். 'வானளாவிய அதிகாரம்' என்று அன்றைய பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் முழங்கியது தமிழ்நாடு மறவாத சொல். நாடு கொதித்தது, சில நாட்களில் ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். அவர் ஓயவில்லை. வழக்காடினார், வென்றார், இழப்பீடாகப் பெற்ற ஆயிரம் ரூபாய், வானளந்த அதிகாரத்தின் உயரத்தை அளந்து காட்டியது. ஆயினும் 2003இல் அதே மன்றம் இந்து ஏட்டினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்சநீதிமன்றம்தான் தடுத்து நிறுத்தியது.

இவ்வதிகாரத்தின் எல்லை எது? வரையறுத்துச் சட்டம் செய்யலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 194ஆம் பிரிவு. 1950இலிருந்து இன்றுவரை அதை முழுமையாக வரையறுக்க எந்த மன்றமும் முன்வரவில்லை. எல்லை தெரிந்தால் எல்லை மீறியதும் தெரிந்துவிடுமே!

நம் வட்டாரத்து நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நெஞ்சு பதறாமல் அதை எழுத முடியாது. இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் ஒரு சிற்றூரைச் சேர்ந்த கூலித் தொழிலாளி, கந்துவட்டிக் கொடுமை பற்றி முறையிட்டு முறையிட்டு முடிவு காணாமல், 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவி மக்களோடு தீக்கிரையானார். நால்வரும் மாண்டனர். கொடுவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே நம் மாநிலத்தில் இருக்கிறது, ஏட்டில் இருக்கிறது. அதற்காகக் கொதித்த கருத்துப்பட ஓவியர் பாலா, முதலமைச்சரும் ஆட்சியரும் காவல் ஆணையரும் ஆடையின்றி, பணத்தாளால் மறைத்தபடி, எரியும் குழந்தையின் முன் நிற்பதாக வரைந்தார். மனுவைக் கண்டு அசையாத அரசு, படத்தைக் கண்டு பாய்ந்தது. நவம்பர் 5 அன்று சென்னையில் அவரைக் கைது செய்து நெல்லைக்குக் கொண்டு வந்தது. மறுநாள் பிணையில் வந்தார். 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கையே ரத்துச் செய்தது.

அந்தப் படம் பண்பானதா என்று கேட்போர் உண்டு. பண்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிடிக்காதவர் மறுத்து எழுதட்டும், வேறு படம் வரையட்டும். பண்பு கற்பிக்க விலங்கா கருவி? நான்கு உயிர் கருகியதற்கு விடை சொல்லாத கைகள், ஒரு கோட்டுக்கு மட்டும் விலங்கோடு விரைவது எந்த நாட்டு நீதி?

தோழர்களே, இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 1933இல் ஆட்சிமுறையைக் கேள்வி கேட்டுக் குடி அரசில் தலையங்கம் தீட்டியதற்காகப் பெரியார் சிறை சென்றார். 'ஆரிய மாயை'க்காக 1950இல் அண்ணா தண்டிக்கப்பட்டார். எழுதியதற்காகச் சிறை கண்ட இயக்கம் நம்முடையது. அந்த அண்ணாவின் பெயரைக் கட்சிப் பெயரிலே தாங்கியவர்கள் ஆண்ட காலத்தில்தான் விகடன் ஆசிரியரும் ஓவியர் பாலாவும் சிறை வைக்கப்பட்டனர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆள்பவர் நம்மவர் என்பதால் அதிகாரம் சாதுவாகி விடாது. ஆகவே எதிரியிடம் கேட்கும் வினாவை நம்மவரிடம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். எதிரியை மட்டும் கேட்பது பகுத்தறிவு ஆகாது. அது கட்சிப் பற்று.

குறவஞ்சியை மாணவருக்குக் கற்பிப்போர் அருவியின் அழகோடு நிறுத்திவிட வேண்டாம். சிங்கனின் வினாவையும் கற்பியுங்கள். இளைஞர்களே, உங்கள் தொகுதி வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் கிடக்கிறது. ஐந்தாண்டுக்கு முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊராட்சிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 2005இல் நாடு முழுமைக்கும் வந்த அவ்வுரிமைக்கு 1997லேயே சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. கேட்டதற்காக ஒருவனைப் பிடித்துச் சென்றால், அவன் எந்தக் கட்சி என்று விசாரிக்காமல் அவன் பக்கம் நில்லுங்கள்.

இனியும் குறத்தியின் சிலம்பையே எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கொடுக்கும் கைகளைப் பார்த்து அந்த இரண்டு வினாக்களையும் கேளுங்கள்.