வீடும் காணியும்: கிறிஸ்தவ நோக்கு பற்றிய ஒரு மதிப்பீடு

1987ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அனுட்டித்தது. இதற்கான யோசனையை 1980இல் அச்சபையில் முன்வைத்தவர் அன்றைய இலங்கைப் பிரதமர் ஆர். பிரேமதாச என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டையொட்டி வத்திக்கானின் நீதி சமாதான ஆணைக்குழு, ‘வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய்?’ என்னும் ஆவணத்தை 1987 டிசெம்பர்த் திகதியிட்டு வெளியிட்டது. ஆபேலைக் கொன்ற காயீனை இறைவன் வினவியதை நினைவூட்டும் தலைப்பு அது.

வீடின்மையைத் தலைவிதியாகக் கொள்ளாது, சமூக அமைப்பின் அநீதியாக இனங்கண்டமையே இவ்வாவணத்தின் சிறப்பாகும். வானக இல்லத்தையே பெரிதும் வற்புறுத்திவந்த மரபுவழிப் போதனையோடு ஒப்பிடுகையில் இது முற்போக்கான நிலைப்பாடே. ஆயின், வீடு நிற்கும் நிலம் யாருடையது என்ற வினாவை விவிலியத்தின் பழைய பகுதியொன்று இதனினும் கூர்மையாக எழுப்புகின்றது.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் வீடுகளை மூவகைப்படுத்துகின்றது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்காவிடின், அது வாங்கியவனுக்கே நிரந்தரமாக உரித்தாகும். மதிலற்ற கிராமத்து வீடோ வயலோடு சேர்த்தெண்ணப்பட்டு, யூபிலி ஆண்டில் உரியவனிடம் மீளவேண்டும். உழுபவனுக்கு வீடும் நிலமும் பிரிக்கவொண்ணாதவை என்பதே இதன் உட்கிடை. மூன்றாவது ஏற்பாடு முக்கியமானது. ஏனைய கோத்திரத்தாரைப்போல நிலப்பங்கு பெறாத லேவியர், தம் நகரங்களிலுள்ள வீடுகளை எக்காலத்தும் மீட்கலாம். நிலமற்றவனின் வீட்டுக்கே சட்டம் கூடிய பாதுகாப்பை அளிக்கின்றது. எனினும், இதனை இலட்சியமயப்படுத்தல் தவறு. அந்நியரை அடிமைகளாக வைத்திருக்க இடமளிப்பதும் அதே அதிகாரமே. உரிமை, சமூகத்தின் உறுப்பினன் என ஏற்கப்பட்டவனுக்கே உரியதாயிற்று.

இம்முரண்பாட்டை நம் மலையகத்திலே தெளிவாகக் காணலாம். தொழிலாளியின் லயக்காம்பரா தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டது. தலைமுறைகள் வாழ்ந்தும் அதற்குக் காணியுறுதி இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை அந்நியனாக்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கினவேயன்றி, லயத்தில் வாழ்ந்தோரைக் காணியுடையோராக்கவில்லை. பிற்காலத்தில் 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் சில அமைக்கப்பட்டபோதிலும், பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.

கிறிஸ்தவர் சிலர் இத்துறையில் உழைத்துள்ளனர். அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் தோட்ட மக்களின் நிலையை ஆய்வுக்கும் செயலுக்கும் உரிய பொருளாக்கியது. ஆயினும், கூரைத்தகடு வழங்குவதோடு அமைந்துவிடும் தருமமே இன்னும் பரவலாகக் காணப்படுகின்றது. அது மழையைத் தடுக்கும், வெளியேற்றத்தைத் தடுக்காது. லேவியருக்கு அளிக்கப்பட்ட உரிமையை, அந்நியராக்கப்பட்டோர்க்கும் உரியதாகக் கோரும்போதே வீடு பற்றிய கிறிஸ்தவ சிந்தனை தன் மூலநூலின் எல்லையையும் கடந்து நீதியின் பக்கம் நிற்கும் எனலாம்.