சிறார் நூலில் ரோசெட்டா தார்ப்: ‘கண்டுபிடித்தவர்’ என்னும் சொல்

சார்னெல் பிங்க்னி பார்லோவின் சிறார் படநூல் (2023), தன் துணைத்தலைப்பில் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பை (1915–1973) ராக் அண்ட் ரோலைக் கண்டுபிடித்த பெண் என்கிறது. எல்விஸ் பிரெஸ்லியை 1986இலேயே ஏற்ற ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் இக்கறுப்பினக் கிதார் கலைஞரை 2018இல்தான் ஏற்றது; ஆதலின் அம்மிகைக்கு நியாயம் உண்டு. ஆயினும் வகுப்பறையில் அச்சொல் இடர் தருவது. ரோசெட்டாவின் தாய் கேட்டி பெல் நூபின் மாண்டலின் இசைத்த நற்செய்தியாளர். மகள் பயின்றதோ கைத்தட்டலும் தாளமும் நிறைந்த பெந்தெகொஸ்தே வழிபாட்டில். அவ்விசையை 1938இல் நியூயார்க் காட்டன் கிளப்புக்கு அவர் கொண்டுசென்றபோது சபையினர் பலர் வெகுண்டனர். ‘கண்டுபிடித்தவர்’ என்றதும் தாயும் சபையும் அவ்வெகுளியும் சிறார் பார்வையினின்று நீங்குகின்றன. எல்விசுக்குச் சூட்டிய முடி தலை மாறுகிறது, அவ்வளவே. 1944இல் பதிவான ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’யின் கிதார்ப் பகுதியை முதலில் கேட்கச் செய்தால், இதை யாரிடம் கற்றார் எனச் சிறாரே வினவக்கூடும்.