ஈரம் காயுமுன்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலின் நாயக்கர் காலத் தூண்களை இன்று கைப்பேசி நொடியில் பிடித்துவிடும். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறையில் அது நடக்காது.

கண்ணாடியில் ஈதர் கலந்த கொலோடியன் என்னும் பிசுபிசுப்புக் கரைசலை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் ஈதர் நிமிடத்தில் பறந்துவிடும். எனவே இருட்டுக் கூடாரமும் கூடவே போயிற்று. ஆர்ச்சரோ கேமராப் பெட்டிக்குள்ளேயே தகட்டைக் கழுவ வழிசெய்தார். எவ்வளவு கெட்டிக்கார வேலை!

1867-68இல் சென்னை அரசுக்காக எட்மண்ட் லயன் தென்னகக் கோயில்களைப் பதிவு செய்தது கண்ணாடித் தகடுகளில்தான். மதுரைத் தூண் சிற்பங்களின் நகை நுணுக்கம்கூட அவற்றில் துலங்குகிறது.

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். அது செம்மைப்பட்டுக் கடைக்கு வந்ததும் கூடாரச் சுமை ஒழிந்தது.