ஒரு பீடி நேரம்

டிராக்டர் லிஃப்டின் கசிவை அளக்க மண்டகப்பட்டுப் பட்டறைக்காரரிடம் இருக்கும் கருவி பீடிதான். ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி, லிஃப்டின் கைகளை முழுக்கத் தூக்கச் சொல்வார். இன்ஜினை நிறுத்தியதும் பக்கத்துக் கம்பத்தில் கலப்பைச் சட்டத்தின் மட்டத்துக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பீடி. அது அணைவதற்குள் கொழு மண்ணைத் தொட்டுவிட்டால் வண்டி அங்கேயே தங்க வேண்டியதுதான். நாலு விரல்கடை இறங்கியிருந்தால், “போய் ஓட்டு, அறுப்பு முடிஞ்சி வா” என்று அனுப்பிவிடுவார்.

எங்கள் வீட்டு வண்டிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. செஞ்சிப் பக்கத்து மேட்டு நிலத்தில் மல்லாட்டை, ஏரிப்பாசனத்தில் நெல் என்று இரண்டுக்கும் உழைத்த வண்டி. போன ஆவணியில் லிஃப்ட் படுத்துவிட்டது. வேறோர் ஊரில் காட்டியபோது, “பம்ப் போயிடுச்சு, மாத்தணும்” என்று வண்டியைச் சுற்றிக்கூட வராமல் சொல்லிவிட்டார்கள். தொகையைக் கேட்டதும் எனக்கு மண்டகப்பட்டு ஞாபகம் வந்தது.

இந்த லிஃப்டைக் கண்டுபிடித்தவர் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். அவருக்கு முன்னால் டிராக்டர் என்பது கலப்பையை இழுத்துப் போகும் இரும்பு மாடு, அவ்வளவுதான். கலப்பை பாறையில் மாட்டினால் சக்கரம் நிற்காமல் திமிறி, வண்டியின் முகம் வானத்தைப் பார்த்துத் தூக்கி, ஓட்டியவன்மேலேயே கவிழ்ந்துவிடும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்தார். கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே உள்ள டாப் லிங்க் தள்ளப்படும். மண் இறுகினால் அந்தத் தள்ளு கூடும், பின்னால் இருக்கும் கெட்டியான ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்பிரிங் வால்வை அசைக்கும், கலப்பை தானே ஓர் அங்குலம் மேலே வரும். 1926-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1946-ல் வந்த டி.இ.20 வண்டி மட்டும் பத்து வருஷத்தில் 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. ஃபெர்குசன் கம்பெனி மாஸி-ஹாரிஸோடு சேர்ந்தது 1953-ல். 1960-ல் சென்னையில் தொடங்கிய டஃபே, அந்த மாஸி ஃபெர்குசன் கூட்டில் வண்டி செய்ய ஆரம்பித்தபோது, அயர்லாந்துக்காரரின் யோசனை நம்மூர் வரப்புக்கு வந்து சேர்ந்தது. பத்தடிக்கு ஒரு கல் முதுகு காட்டும் செஞ்சி மண்ணை மனத்தில் வைத்தே இந்த ஸ்பிரிங்கைச் செய்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் நான் அதிகம் ரசிப்பது ஸ்பிரிங்கை அல்ல, மடையை. பம்ப் பிழிந்து அனுப்பும் எண்ணெயைப் போகிற வழியில் தடுத்துத் திருப்புவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஃபெர்குசன் வால்வைப் பம்பின் வாயிலேயே வைத்தார். லிஃப்டுக்கு வேலை இல்லாதபோது வாய் மூடியிருக்கும். நான்கு பிஸ்டனும் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் எண்ணெய் உள்ளே வராது. வீணாகச் சுற்றி எண்ணெய் சூடேறுவதும் இல்லை. வாய்க்கால் கோடியில் நின்று அணை போடாமல் ஏரி மதகிலேயே பலகையை இறக்கும் நீர்க்கட்டியின் புத்தி அது. இன்று பல வண்டிகளில் பம்பை வெளியே, இன்ஜின் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். கழற்றுவது சுலபம், ரசிக்க அங்கே ஒன்றும் இல்லை.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மண்டகப்பட்டுப் பட்டறைக்காரர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். எங்களுடையது போன்ற பழைய வண்டிகளில் கியர் பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். சேடை ஓட்டும்போது சேற்றுத் தண்ணீர் பி.டி.ஓ. தண்டின் சீல் வழியாக உள்ளே புகுந்தால், எண்ணெய் வெளுத்துப்போய்க் கடைக் காப்பி மாதிரி ஆகிவிடும். அப்புறம் வண்டியை இரண்டு மாதம் கொட்டகையில் நிறுத்தினால் வால்வு துருவேறி ஒட்டிக்கொள்ளும். லிஃப்ட் ஏறவே ஏறாது, அல்லது ஏறியது இறங்காது. எங்கள் எண்ணெய் கறுத்திருந்தது, வெளுக்கவில்லை. அடுத்து டாப் லிங்க் மாட்டும் கவட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். லொடலொடக்கவில்லை. அங்கே ஆட்டம் இருந்தால் ஸ்பிரிங் சொல்வதை வால்வு பாதி கேட்கும், பாதி கேட்காது.

பிறகுதான் இன்ஜினைப் போட்டுக் கலப்பையைத் தூக்கச் சொன்னார். தூக்கிய கலப்பை ஓரிடத்தில் நிற்காமல், நாலைந்து விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் தாழ்ந்து, உடனே வெடுக்கென்று ஏறியது. வேலிமேல் ஓணான் தலையாட்டுகிற மாதிரியே இருந்தது.

“பாத்தியா தம்பி, தலையாட்டுது.”

“பம்பு போச்சுன்னாங்களே அண்ணே?”

“போன பம்பு எப்படி வெடுக்குனு தூக்கும்? அது ஊத்திக்கினேதான் இருக்குது. ஊத்தறத எங்கியோ எவனோ குடிக்கிறான்.”

அந்த ஒரு பேச்சுக்கே காசு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கை தாழ்ந்ததை வால்வு உணர்ந்து வாயைத் திறக்கிறது, பம்ப் உடனே நிரப்புகிறது, மறுபடி கசிகிறது. ஆக, பழுது பம்புக்கும் சிலிண்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பாரம் கூடும்போது ரிலீஃப் வால்வு கீச்சிடுகிறதா என்று காதைக் கொடுத்தார். இல்லை. இப்படி ஒவ்வொன்றாக ‘இது இல்லை, இது இல்லை’ என்று தள்ளிக்கொண்டே போவதுதான் அவருடைய தொழில்.

‘இல்லை’களை அடுக்கியவர் இந்த ஊரில் இன்னொருவரும் உண்டு. பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஊருக்குப் பெயர் வாங்கித்தந்த குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்தது. அங்கே ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) லக்ஷிதாயதனம் என்ற இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்தான் என்கிறது. போட்டதை எழுதாமல் போடாததைப் பட்டியல் இட்ட ராஜா. இதை ஒருமுறை பட்டறைக்காரரிடம் சொன்னேன். “உலோகம் இல்லாமன்னா, உளி எதுல செஞ்சானாம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சோதனைகள் முடிந்ததும் எண்ணெயில் பாதிக்குக் குறைவாக வடித்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். அடியில் தேங்கியிருப்பது பம்ப் உறிஞ்சப் போதும். கலப்பைக்கு அடியில் இரண்டு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, இன்ஜினை மெல்ல ஓடவிட்டு டார்ச் அடித்தார். “கைய உள்ள விடாத, தண்டு சுத்துது.” உள்ளே பம்பிலிருந்து சிலிண்டருக்கு எண்ணெய் ஏறும் குழாய் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதன் அடிப்பக்கத்தைச் சுற்றி மெல்லிய விசிறியாக எண்ணெய் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கசிவு அதுதான்.

சீட்டைக் கழற்றி, ஹைட்ராலிக் கவரைச் சங்கிலி போட்டுத் தூக்கி, மொத்தத்தையும் பிரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிரிக்கவில்லை. மேலே இருந்த சின்னத் தகட்டை மட்டும் கழற்றி, குழாயைக் கிணற்று வாளிபோல மேலே உருவினார். அதன் ஓ-ரிங் ரப்பர் சப்பையாகி, பிளாஸ்டிக் வளையல்போல விறைத்துக் கிடந்தது. விரலால் அழுத்தியதும் பட்டென்று ஒடிந்தது. புது வளையத்தை எண்ணெயில் தோய்த்து, முறுக்கு விழாமல் விரல் நுனியால் உருட்டி உருட்டி அதன் பள்ளத்தில் உட்கார வைத்தார். குழாயை இறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். வளையம் வெட்டுப்படுகிறதா என்பது கைக்குத்தான் தெரியுமாம்.

எண்ணெயை நிரப்பி, முட்டுக்கட்டைகளை எடுத்து, லிஃப்டைத் தூக்கினோம். ஓணான் தலையாட்டவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் புதுக் கோடு, வேப்பமரத்தடியில் புதுப் பீடி. முடிந்து எழுந்து வந்து பார்த்தால் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

“இது சிலிண்டர் பக்கம் அண்ணே?”

“ரிங்கு தேஞ்சிருக்கும். வயசாவல? அத வுடு” என்றபடி, ஒடிந்த பழைய வளையத்தை என் சட்டைப் பையில் போட்டு, அடுத்து நின்ற வண்டிக்குப் போனார்.