தட்டும்போது தெரியாத 60 காசு

அட்டையைப் பயன்படுத்துபவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற வாதம் சிங்கப்பூரில் அடிக்கடி காதில் விழுகிறது. உள்நாட்டு வருவாய் ஆணையம் வருமான வரியைக் கடன்பற்று அட்டை மூலம் நேரடியாகப் பெற்றுக்கொள்வதில்லை. அட்டை நிறுவனங்கள் கேட்கும் தொகை பொதுப் பணத்தை விழுங்கிவிடும் என்பது அதன் விளக்கம். அட்டையில்தான் கட்டுவேன் என்பவர், கார்ட்அப் போன்ற இடைநிலை நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம் கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

இதில் பெரிய குறையில்லை. ஒருவர் விமான மைல்கள் சேர்க்க ஊரார் ஏன் செலவழிக்க வேண்டும்? வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் ஜைரோவுக்கும் 2017ல் வந்த பேநவ்வுக்கும் காசு கேட்பதில்லை. கூடுதல் கட்டணத்தை அடியோடு தடைசெய்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பிரிட்டன் 2018 ஜனவரி 13 முதல் அப்படித் தடைசெய்தது. அன்றிலிருந்தே அந்நாட்டு வரித்துறை தனிநபர் கடன்பற்று அட்டைகளை வாங்குவதையே நிறுத்திவிட்டது.

ஆனால் இதே வாதம் புக்கிட் பாஞ்சாங் ரயில் நிலைய வாயிலில் எடுபடாது.

மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். கையில் இந்திய வங்கியின் விசா அட்டை. செஞ்சாவில் இலகு ரயில் ஏறும்போது தட்டுகிறார், புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கும்போது தட்டுகிறார். இரண்டு இடத்திலும் வாயில் திறக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று திரை சொல்வதில்லை. வெளிநாட்டு வங்கி அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் பொதுப் போக்குவரத்துக் கட்டண முறையான சிம்பிளிகோ 60 காசு நிர்வாகக் கட்டணம் எடுப்பதையும் அது சொல்வதில்லை. 2024 டிசம்பர் கட்டண உயர்வின்போது 3.2 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்குப் பெரியவர்களின் அட்டைக் கட்டணம் 1.19 வெள்ளியானது. அன்று அந்த ஒரு பயணத்தோடு வீடு திரும்பினால், பயணச் செலவில் ஏறக்குறைய பாதி மேலதிகமாகப் போகிறது. டௌன்டவுன் ரயில் பிடித்துத் தேக்கா, பூகிஸ், சைனாடவுன் என்று நாள் முழுக்கச் சுற்றுபவருக்கும் அதே 60 காசுதான். குறைவாகப் பயணம் செய்பவர் மீதுதான் சுமை அதிகம்.

மாற்று வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 10 வெள்ளிக்கு ஈசி-லிங்க் பயண அட்டை வாங்கினால் 5 வெள்ளி அட்டை விலையாகப் போய்விடும், மீதி 5 வெள்ளி பயணத்துக்கு. எட்டு நாள் தங்குபவருக்கு நிர்வாகக் கட்டணம் 4.80 வெள்ளி, ஆகவே சொந்த அட்டையே லாபம். ஒன்பதாம் நாள் கணக்கு மாறிவிடும். முப்பது நாளும் வெளியே போகும் அந்த அம்மாவுக்கு 18 வெள்ளி ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவருக்கு 60 காசைப் பற்றி முதலில் தெரிய வேண்டுமல்லவா? இணையத்தளத்தில் எழுதியிருக்கிறது என்பது பதிலாகாது. அவர் பணம் செலுத்துவது வாயிலில்.

இந்தக் குறை புதிதல்ல. பெரியவர்களுக்கான பழைய முறை ஈசி-லிங்க் அட்டைகளை 2024 ஜூன் முதல் தேதியோடு நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அவ்வாண்டு ஜனவரி 9ஆம் தேதி அறிவித்தபோது, சிம்பிளிகோவுக்கு மாறினால் கட்டணமும் மிச்சத் தொகையும் வாயிலில் தெரியாது என்பதே மக்களின் முக்கியக் கோபம். இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22ஆம் தேதி, ஆணையம் பின்வாங்கியது. பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. உள்ளூர்வாசிகளின் குரல் கேட்டது. ஒரு மாதம் வந்து போகும் தாய் தந்தையருக்காக யாரும் குரல் கொடுக்கவில்லை.

கணக்கு பின்னணிக் கணினியில் நடக்கிறது, திரையில் காட்டினால் வாயிலில் வரிசை நீளும் என்று அப்போது சொல்லப்பட்டது. பயணக் கட்டணத்துக்கு அது பொருந்தலாம். தூரத்தை அளந்தால்தானே கட்டணம் தெரியும்! 60 காசுக்கு அளக்க என்ன இருக்கிறது? அது நிலையான தொகை. எந்த நாட்டு வங்கி அட்டை என்பதை அதன் முதல் இலக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி தளமும் 2019 செப்டம்பர் முதல் இணையச் சீட்டுக்கு வசதிக் கட்டணம் வாங்குகிறது. குளிர்சாதனமில்லாத வகுப்புக்கு 15 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாய், அதற்குமேல் வரி. அதைப் பயணிகள் திட்டுகிறார்கள். ஆனால் பணம் கட்டும் பொத்தானை அழுத்துமுன் தொகை கண்ணெதிரே இருக்கிறது, வேண்டாமென்றால் விலகலாம்.

புக்கிட் பாஞ்சாங் வாயிலில் அன்றைய முதல் தட்டலின்போது ‘வெளிநாட்டு அட்டை, இன்று 60 காசு கூடுதல்’ என்ற ஒரு வரி தமிழிலும் வர வேண்டும். ஈசி-லிங்க் வாங்குவதா, சொந்த அட்டையிலேயே தொடர்வதா என்பதை அந்த அம்மாவே முடிவு செய்துகொள்வார்.